அம்பாசடர் கை நனைத்தார்

திருஞானசம்பந்தம் வாயைத் திறந்து 'இல்லை' என்று சொன்னதை யாரும் கேட்டதில்லை. அப்படிச் சொல்லாமலிருப்பதற்குத்தான் அரசாங்கம் அவருக்கு முப்பத்து மூன்று வருஷம் சம்பளம் கொடுத்தது. ரங்கூனில் தொடங்கி, கெய்ரோ, வார்சா, லாகோஸ் என்று சுற்றி, கடைசியில் ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில் ஒரு குட்டி நாட்டில் இந்தியத் தூதராக உட்கார்ந்து ஓய்வு பெற்ற மனிதர். அந்த நாட்டின் பெயரைப் பாளையங்கோட்டையில் யாரிடம் சொன்னாலும், "அது எங்கன இருக்கு அண்ணாச்சி, பம்பாய்க்கு அங்கிட்டா?" என்று கேட்டார்கள். அவரும் "ஏறக்குறைய" என்பார். அப்படியில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பழக்கம் விடவில்லை.

டெல்லியில் இரண்டு குளிர்காலம் நடுங்கிப் பார்த்துவிட்டு, தொண்ணூற்று மூன்றில் பெருமாள்புரத்தில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊர் அவருக்கு அம்பாசடர் என்று பேர் வைத்தது. அவருக்கு ஊர் புரிந்ததா என்று கேட்டால், பாவம், அதைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் மரியாதைக்கு, "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்க அண்ணாச்சி" என்றார். இவர் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டி, "எந்த நாள் வசதிப்படும்?" என்றார். அந்த மனிதர் வெலவெலத்துப்போய், வீட்டில் கேட்டுச் சொல்வதாக உள்ளே போனவர்தான், அன்றைக்கெல்லாம் வெளியே தலைகாட்டவில்லை. இத்தனைக்கும் சிந்துபூந்துறையில் பிறந்து, தாமிரபரணியில் குளித்து வளர்ந்த உடம்பு. இருபத்திரண்டு வயதில் ரயிலேறிய பிறகு ஊருக்கு வந்ததெல்லாம் விருந்தாளியாக வந்ததுதான். அவருடைய பேச்சுத் தமிழ்கூட ஐம்பதுகளோடு நின்றுபோய், அதன்மேல் ரேடியோத் தமிழைப் பூசிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், அவருடைய உத்தியோகம் பாதி ஓடியது மனைவி ராஜராஜேஸ்வரியின் காதுத் தோட்டினால். எந்த நாட்டு விருந்திலும் அந்த அம்மாள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பார். பேச்சு போகக்கூடாத இடத்துக்குப் போனால் இடது காதுத் தோட்டைத் தொடுவார். இவர் உடனே மழை, பனி என்று பேச ஆரம்பித்துவிடுவார். இந்த ஏற்பாட்டினால் தேசத்துக்கு எத்தனையோ சங்கடங்கள் வராமல் போயின. இப்போது அந்த அம்மாள் மகளின் பிரசவத்துக்காக நியூஜெர்சிக்குப் போய், பேரனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தோடும் அவரோடு போய்விட்டது.

ஆகவே அம்பாசடர் தினமும் மத்தியானம் டவுன் பஸ் ஏறி, சிந்துபூந்துறையில் தங்கை பிரம்மநாயகி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்குத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வருவார். பிரம்மநாயகிக்குக் கணவர் இல்லை. ஒரே மகள் சித்ரலேகா, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்தாள். இருபத்தைந்து வயது. இரண்டு வருஷமாக மாப்பிள்ளை தேடி, அம்பாசமுத்திரத்தில் அரிசி மில் வைத்திருக்கும் அருணாசலத்தின் மகன் குருபிரசாதின் ஜாதகம் ஒருவழியாகப் பொருந்தியிருந்தது. அதே மாதத்தில் பெங்களூரில் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சித்ராவுக்கு இடமும் கிடைத்தது. ஆகஸ்டில் சேர வேண்டும்.

ஆனி மாதத்து வியாழக்கிழமை. பிரம்மநாயகி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சித்ரா மாமாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்கு மாப்பிள்ளை வீடு பாக்க நீங்கதான் போறீகளாம். போய்ட்டு வந்து, சரிப்படாதுன்னு அம்மாட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா அழுதே தீத்துருவா. தாய்மாமன் சொன்னா அதுக்கு மேல பேச்சே கிடையாது."

"அந்தப் பையனிடம் என்ன குறை?"

"ஒரு குறையும் இருக்காது. நல்லவுகன்னுதான் சொல்லுதாக. ஆனா ஆவணில கல்யாணம், அதுக்கப்புறம் வேலையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டாக. நான் பெங்களூர் போணும் மாமா. இத விட்டா எனக்கு இன்னொரு தடவ கிடைக்காது."

அவள் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு பட்டிருக்காது. அவருடைய சொந்த மகள் எதற்கும் அவரிடம் வந்து இப்படி நின்றதில்லை. எல்லாம் அம்மாவோடு முடிந்துவிடும்.

"கவலையை விடு. அவர்கள் மனம் கோணாதபடி அங்கேயே மறுத்துவிட்டு வருகிறேன். உன் அம்மாவுக்கும் சங்கடம் இல்லை. இதுதானே அம்மா என் தொழில்" என்றார்.

மறுநாள் காலையில் பிரம்மநாயகி அண்ணனுக்கு விபூதி கொடுத்து அனுப்பிவைத்தாள். "நல்ல காரியத்துக்கு முதல்ல நான் வந்து நிக்கக் கூடாது அண்ணாச்சி. வீடு, மனுஷங்க எல்லாம் நீங்க பாருங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா எனக்கும் சரி." வேறொன்றும் சொல்லவில்லை. உலகத்தையே சுற்றி வந்தவருக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது என்று விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லாமல் போயிருக்கும்.

அம்பாசமுத்திரத்தில் அருணாசலம் தெருமுனைக்கே வந்து அழைத்துப்போனார். பெரிய வீடு. பின்பக்கம் மில்லின் கடகடச் சத்தம். குருபிரசாத் வந்து வணங்கிவிட்டுத் தூண் ஓரமாக நின்றான். வாட்டசாட்டமான பையன். காபி வந்தது. குடித்து முடித்ததும், திருஞானசம்பந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுக்க ஆரம்பித்தார்.

"நம் இரு குடும்பங்களுக்கும் இடையே நல்லெண்ணம் என்றைக்கும் உண்டு. சித்ராவுக்கு மேலும் சில கல்வி நோக்கங்கள் இருக்கின்றன. எல்லாம் அதனதன் காலத்தில் கனிய வேண்டும். அவசரம் எந்தத் தரப்புக்கும் நல்லதல்ல என்பது என் தாழ்மையான எண்ணம்."

அவருடைய தொழிலில் இதைவிடக் கடுமையாக ஒரு கதவை அறைந்து சாத்த முடியாது. வார்சாவாக இருந்தால் 'மேலும் சில' என்பதிலேயே எதிராளி தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பான். அருணாசலம் வெற்றிலைச் செல்லத்தைத் தடவியபடி, "ரொம்பப் பக்குவமாச் சொன்னீக அண்ணாச்சி. படிச்சவுக படிச்சவுகதான்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "அப்பம்… மத்தியானம் இங்கனயே கை நனைச்சிரலாம்லா?" என்று கேட்டார்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. குருபிரசாத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அமைதியை அம்பாசடர் கவனிக்கத்தான் செய்தார். கவனித்து, தன் அனுபவத்தின்படி ஒரு முடிவுக்கும் வந்தார். மறுத்துவிட்டோம், இனி சாப்பிடாமலும் எழுந்துபோய் அவமானப்படுத்திவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள், பாவம்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. யாரிடம் முடியாது என்று தெரிவிக்கப் போகிறோமோ, அவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட வேண்டும். அந்தக் குட்டி நாட்டில் ஒரு மந்திரி, தன் தம்பிக்கு ஒரு சலுகை கேட்டு இவருக்கு விருந்து வைத்தார். முழு ஆட்டை முன்னால் வைத்துவிட்டார்கள். இவரோ பிறவிச் சைவம். சுற்றியிருந்த சோற்றையும் பழத்தையும் மலைபோல் தின்று தீர்த்தார். மறுநாள் சலுகை கிடையாது என்று தகவல் போனபோது, மந்திரி இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாப்பாடு மனுஷனுக்கு, மறுப்பு அரசாங்கத்துக்கு. இந்தக் கணக்கு எந்த நாட்டிலும் அவருக்குத் தப்பியதில்லை.

"மகிழ்ச்சியோடு" என்றார்.

வீடு ஒரே அமளியாகிவிட்டது. யாரோ தேங்காய்க்கு ஓடினார்கள். அம்மி அரைபட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள். தூதரைப் பார்க்கும் ஆசை என்று அம்பாசடர் அடக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். பிறகு தலைவாழை இலை வந்தது. இலையில் சொதி வந்தது.

முதல் தேங்காய்ப்பாலும் சிறுபருப்பும் முருங்கைக்காயும் சேர்ந்து வெந்த சொதி. பக்கத்தில் இஞ்சித் துவையல். வெளிநாட்டில் ராஜராஜேஸ்வரி டப்பாத் தேங்காய்ப்பாலில் எத்தனையோ தடவை முயன்று, ஒவ்வொரு தடவையும் இருவருமாக மனம் உடைந்துபோன பண்டம். அம்பாசடர் கொள்கைக்காக முதல் கரண்டி சாப்பிட்டார். அப்புறம் கொள்கை போய்விட்டது. மூன்று தடவை கேட்டு வாங்கினார். அருணாசலத்தின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிமாறினார். வெங்காயம் நறுக்கியிருப்பார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

புறப்படும்போது தாம்பூலம் கொடுத்து, காரில் ஏற்றி, டிக்கியில் ஒரு வாழைத்தாரையும் வைத்தார்கள். தோல்வியை இத்தனை பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்ட எதிர்த்தரப்பை அவர் எங்குமே கண்டதில்லை. வழியெல்லாம் நம் மக்களின் பண்பாட்டை எண்ணி நெகிழ்ந்தபடி வந்தார். பாளையங்கோட்டையில் காரைச் சித்ராவின் கல்லூரி வாசலில் நிறுத்தச் சொல்லி, அவளைக் கூப்பிட்டு, "எல்லாம் முடிந்தது. பெட்டியைக் கட்டு" என்றார். அவள் அத்தனை மாணவிகளுக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் தூக்குவாளியோடு தங்கை வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்தில் ஒரு பெரிய தட்டில் தேங்காய், பழம், பூ, கல்கண்டு. அருணாசலத்தின் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருக்கிறாராம். பிரம்மநாயகி ஓடிவந்து அண்ணன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ரெண்டு வருசமா முடியாதத ஒரே நாள்ல முடிச்சிட்டீகளே அண்ணாச்சி. சித்ரா அப்பா இருந்து செய்ய வேண்டியத நீங்க செஞ்சிட்டீக."

"நான்… இன்னும் முடிவாக ஒன்றும் சொல்லவில்லையே, நாயகி?"

"நீங்க வாயால வேற சொல்லணுமாக்கும்?" என்று சிரித்தாள் அவள்.

நாற்காலியில் இருந்தவரும் சிரித்தார். அம்பாசடர் திருதிருவென்று விழித்தார். வந்தவரின் முன்னால் எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை. அடுக்களைக் கதவோரத்தில் சித்ரா நின்றாள். முந்தின நாள் பிடித்த அதே கையை அவர் ஒருமாதிரி நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள்.

"பெட்டியக் கட்டுன்னு இதுக்குத்தான் சொன்னீகளா மாமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் வெளியே வரவேயில்லை.

அம்பாசடர் தான் பேசியதை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பார்த்தார். எந்த இடத்தில் சம்மதம் வந்தது? 'நல்லெண்ணம்' என்றதிலா? 'கனிய வேண்டும்' என்றதிலா? இரண்டு நாட்டு மீன்பிடிப் படகுத் தகராற்றில் ஒரு காற்புள்ளிக்காக வாரக்கணக்கில் மல்லுக்கு நின்ற மனிதர், அரிசி மில்காரரிடம் பேசிய நான்கு வாக்கியத்தில் எங்கே ஓட்டை விழுந்தது என்று தெரியாமல் தவித்தார்.

சாயங்காலம் பள்ளித் தோழர் அருமைநாயகத்தைத் தேடிப் போனார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நீரு அங்க சொன்னத அப்படியே சொல்லும்வே" என்றார். இவர் ஒப்பித்தார்.

"இதுல ஆமாவும் இல்ல, இல்லையும் இல்லையே. நீரு என்னதான்வே சொல்ல வந்தீரு?"

"மறுத்தேன்."

"எந்த எடத்துல?"

"எல்லா இடத்திலும்."

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படித்தான் முப்பது வருசம் இந்தியாவ நடத்துனியளா? கர்த்தர் பெரியவர்வே" என்றார். ஆறுதலாக எதுவும் கிடைக்காமல் திரும்பினார் அம்பாசடர். அன்று ராத்திரி தூக்குவாளியில் பிரம்மநாயகி கேசரி வைத்திருந்தாள். அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் நியூஜெர்சியிலிருந்து போன் வந்தது. ராஜராஜேஸ்வரியின் குரலைக் கேட்டதும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மொத்தக் கதையையும் கொட்டினார். அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க பேசுனது கிடக்கட்டும். அங்கன என்ன சாப்பிட்டீக?"

"சாப்பாட்டுக்கும் இதற்கும் என்ன?"

"என்ன சாப்பிட்டீகன்னு கேட்டேன்."

"சொதி."

அந்தப் பக்கத்தில் பேரனை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்.

"மாப்பிள்ளை விருந்துச் சொதியா? எலை போட்டா?"

"ஆமாம். மூன்று தடவை வாங்கினேன். ராஜி, அந்தச் சொதி…"

"ஐயோ, என் தலையெழுத்தே! பேசி முடியாத வீட்டுல போய்க் கை நனைப்பாகளா? அதுவும் தாய்மாமன்? ஒரு வாய் சாப்பிட்டாச்சுன்னாலே சம்மதம்னு அர்த்தம். தட்டு மாத்துததெல்லாம் அதுக்குப் பொறவுதான். வேண்டாம்னா காப்பியோட எந்திரிச்சிரணும். நம்ம கல்யாணத்துக்கு உங்க அப்பா எங்க வீட்டுக்கு மூணு மட்டம் வந்துட்டு, ஒரு வாய் சாப்பிடாமப் போனாகளே, அது எதுக்குன்னு நெனச்சீக?"

"அப்பாவுக்கு வயிற்றுப்புண் என்றல்லவா நினைத்தேன்?"

"முப்பத்தஞ்சு வருசமாவா?"

அவருக்குச் சமையலறை அமைதியானதும், பையன் தலைகுனிந்ததும், பரிமாறிய அம்மாள் கண்ணைத் துடைத்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. அவருடைய கொள்கை எந்த நாட்டிலும் பொய்த்ததில்லை. சொந்த ஜில்லாவில் அதுவே தலைகீழாக நின்றது.

"நீ அங்கே இருந்திருந்தால் தோட்டைத் தொட்டிருப்பாய்" என்றார்.

"தோட்டக் கழத்தி மூஞ்சில எறிஞ்சிருப்பேன். கேளுங்க. சித்ராட்ட வாக்குக் குடுத்திருக்கீக. நேரா அம்பாசமுத்திரத்துக்குப் போங்க. வேண்டாம்னு சொல்லுங்க."

"வேண்டாம் என்றா? வெறுமனேயா?"

"வெறுமனதான்."

"அதற்கு முன்னால் ஏதாவது ஒன்றிரண்டு வாக்கியம்…"

"ஒண்ணும் கூடாது. நீங்க வாக்கியத்த ஆரம்பிச்சா புள்ளைக்குச் சீமந்தம் வரைக்கும் போயிரும்."

போனை வைத்துவிட்டு யோசித்தார். வேண்டாம் என்றால் தங்கை என்ன ஆவாள்? சிந்துபூந்துறை முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சித்ரா ஆகஸ்டில் பெங்களூர் போகமாட்டாள். அவர் உலகமெங்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குறுதிகளெல்லாம் யாரோ எங்கோ முடிவு செய்தவை. அவராகவே ஒரு ஆளுக்கு, முகத்தைப் பார்த்துக் கொடுத்தது இந்த ஒன்றுதான். முதலில் தங்கையிடம் போய்ச் சொல்வதுதான் முறை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் தான் கரைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். கோழைத்தனம்தான். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை பஸ் ஏறினார். ஆனி மாதக் காற்று, வெயிலோடு மண்ணையும் அள்ளி முகத்தில் அடித்தது. சேரன்மாதேவி தாண்டும்போதே நாக்கு வறண்டுவிட்டது. அருணாசலத்தின் வீட்டில் அவரைக் கண்டதும் எல்லோரும் எழுந்தார்கள். "மாமா வந்திருக்காக" என்று குருபிரசாத் உள்ளே குரல் கொடுத்தான். மாமா! அருணாசலத்தின் மனைவி ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து முன்னால் வைத்தார். செம்பின் மேல் நீர் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அம்பாசடர் கை தானாக அதை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. தண்ணீருக்கு என்ன அர்த்தமோ? ராஜியிடம் கேட்காமல் வந்துவிட்டோமே! கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்றார்.

வானம் இடிந்து விழவில்லை. மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"என்னது?" என்றார் அருணாசலம்.

இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சொன்னார்.

"அன்னைக்குக் கை நனைச்சீகளே அண்ணாச்சி?"

"முறை தெரியாமல் நனைத்துவிட்டேன்."

"தெரியாதா? உங்களுக்கா? ஊரு உலகமெல்லாம் அம்பாசடரா இருந்தவுகளுக்கு, நம்ம வீட்டு வழக்கம் தெரியாதா?"

"தெரியாது. பெண் மேல் குற்றமில்லை, என் தங்கை மேலும் குற்றமில்லை. சித்ரா மேலே படிக்கப் போகிறாள். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதுவும் தெரியவில்லை, அதுவும் தெரியவில்லை."

அருணாசலத்தின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தென்காசில இருந்து நாத்தனார் நாளைக்கு வாரா. எல்லாருக்கும் சொல்லியாச்சு. அப்பம், மூணு மட்டம் சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டீகளே, அது என்னதுக்கு?"

"சொதி நன்றாக இருந்தது அம்மா. எனக்குப் பசித்தது. அதனால் சாப்பிட்டேன்."

இதைவிடக் கேவலமான பதிலை அவர் தன் வாழ்நாளில் எந்த மேஜையிலும் சொன்னதில்லை. ஆனால் அது ஒன்றுதான் அந்த வீட்டில் அவர் பேசியதில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார். அருணாசலம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

குருபிரசாத் வாசல் வரை கூட வந்தான். சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதற்குள்ளிருந்து சித்ராவின் போட்டோவை உருவி நீட்டினான்.

"வெள்ளிக்கிழமையே நேராச் சொல்லியிருந்தீகன்னா, இத நான் பர்ஸுல வச்சிருக்க மாட்டேன்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அம்பாசடருக்கு வெட்கமாக இருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்து, அது நீளமான வாக்கியமாக வரும்போல் தோன்றவே, "மன்னித்துக்கொள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சோடா குடித்திருக்கலாம். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, தண்ணி வேணுமா?" என்று விசாரித்தார். அந்தக் குரலில் ஏதும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று இவர் யோசித்து நின்ற நேரத்தில் பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறினார்.

சிந்துபூந்துறை வீட்டில் பிரம்மநாயகி கூடத்தில் உட்கார்ந்து, நிச்சயத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் அந்தப் போட்டோவை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கொடுத்தனுப்பிய போட்டோ வீட்டுக்குத் திரும்பி வந்தால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அவுகளா வேண்டாம்னுட்டாக?"

"நான் சொன்னேன்."

"நீங்களா? கை நனைச்ச வீட்டுல போயா?"

"தெரியாமல் நனைத்தேன், நாயகி. சித்ரா பெங்களூர் போக வேண்டும். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்."

பிரம்மநாயகி எழுந்தாள். கத்தவில்லை, அழவில்லை. அடுக்களைக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்து, வாசல்படியில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறும் வாளி.

"ஊருல நான் இனி எப்படித் தலநிமிந்து நடப்பேன்? என் தலையக் குனிய வச்சிட்டீகளே! இனிமே இந்த வீட்டுல நீங்க கை நனைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இந்த முறை அர்த்தம் விளங்காமலில்லை. அன்றைக்குத்தான் அவர் அந்தப் பாஷையின் முதல் பாடத்தைப் படித்து முடித்திருந்தார், அதற்குள் பரீட்சையும் வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே நின்றார். போகவும் தோன்றவில்லை, தாகத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வாளியை எடுத்தார்.

"மாமா."

சித்ரா, செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. சனிக்கிழமை அவர் கையை வெறுமனே பார்த்துவிட்டுப் போனவள், இப்போது அந்தக் கையிலேயே செம்பை வைத்தாள்.

அம்பாசடர் அதை வாங்கிக்கொண்டு அடுக்களைப் பக்கம் பார்த்தார். அப்புறம் செம்பைப் பார்த்தார். உயர்த்தவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் தவித்தார். பிறகு, ஒரு குழந்தை கேட்கிற மாதிரி, சன்னமாகக் கேட்டார்.

"இதைக் குடித்தால் என்ன அர்த்தம், சித்ரா?"

"தாகமா இருக்குன்னு அர்த்தம் மாமா. குடிங்க."

அவர் அண்ணாந்து குடித்தார். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. அடுக்களையில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொரு செம்பு கேட்டார்.